கடற்கரை விடுமுறையில் கோதுமை இல்லாத குடும்பச் சாப்பாடு: மலையகத்திலிருந்து புறப்படுவோர் கேட்கும் கேள்விகள்

எங்கள் மகளுக்கு ஏழு வயதில் சீலியாக் நோய் இருப்பது தெரியவந்தது. இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. இடையில் ஐந்து முறை கடலுக்குப் போய் வந்திருக்கிறோம். மூன்று முறை திருகோணமலைப் பக்கம், இரண்டு முறை பாசிக்குடா. ஹட்டன், பதுளைப் பக்கங்களில் இதே நிலையில் பிள்ளை வளர்க்கும் தாய்மார் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

குளுட்டன் என்பது என்ன? கொஞ்சம் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம் அது. ரொட்டி மா இழுபட்டு நீள்வதும் பாண் உப்பி எழுவதும் அதனால்தான். சீலியாக் நோய் உள்ளவருக்கு அந்தப் புரதம் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்துகளை உறிஞ்சும் குடல் சுவர் சிதைகிறது. பிள்ளை மெலிகிறது, இரத்தம் குறைகிறது, வளர்ச்சி தடைப்படுகிறது. இது தொற்று நோய் இல்லை. மாத்திரையால் தீர்வதும் இல்லை. வாழ்நாள் முழுவதும் உணவில் கவனமாக இருப்பதுதான் வைத்தியம்.

அளவைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அதைக் குளுட்டன் இல்லாத உணவு என்று அழைக்க முடியாது என்பது சர்வதேச வரையறை. ஒரு துண்டுப் பாணில் ஏறக்குறைய 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே “ஒரு வாய்தானே” என்று சொல்லும் பெரியம்மாவுக்கு இந்தக் கணக்கைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள்.

மலையகக் குடும்பங்களுக்கு இது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

நம் வீட்டு அடுப்பு கோதுமை மாவால் எரிகிறது என்றே சொல்லலாம். காலையில் ரொட்டியும் சம்பலும், கொழுந்து பறிக்கப் போகும்போது துணியில் சுற்றிய ரொட்டி, மாலையில் தேநீருடன் பணிஸ். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வந்த தானியம் திருகோணமலைச் சீனக்குடாவில் உள்ள பெரிய ஆலையில் மாவாகி மலைக்கு ஏறுகிறது. அது எப்போதோ நம் சொந்த உணவாகிவிட்டது. லயத்தில் “கடைக்குப் போய் மா வாங்கி வா” என்றால் எந்த மா என்று எவரும் கேட்பதில்லை.

அதனால் வீட்டில் இருக்கும்போதே பிள்ளையின் சாப்பாட்டை மாற்றப் போராடுகிறோம். பயணத்தில் அந்தப் போராட்டம் இன்னொருவர் சமையலறைக்குள் போகிறது. ஆனால் ஒரு நல்ல செய்தி உண்டு: கரையில் சோறும் மீனும் மலையைவிட மலிவு, சுவையும் அதிகம். சரியாகத் தேர்ந்தால் வீட்டைவிடக் கடற்கரையில் பிள்ளை நன்றாகச் சாப்பிடும். எங்கள் மகள் அப்படித்தான்.

எந்தக் காலத்தில் எந்தக் கரைக்குப் போவது?

ஆகஸ்ட் விடுமுறை என்றால் கிழக்கு. மே முதல் செப்டம்பர் வரை அங்கே கடல் அமைதியாக இருக்கும். டிசம்பர் விடுமுறை என்றால் ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ என்று தெற்குக்குத்தான் போக வேண்டும்; அப்போது கிழக்கில் மழை.

சின்னப் பிள்ளைகளுக்குப் பாசிக்குடாவை முதலில் சொல்வேன். நெடுந்தூரம் ஆழமில்லாத தண்ணீர். பதுளைப் பக்கத்தவர்கள் பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கி வடக்கே திரும்பினால் போதும். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்திலிருந்து நிலாவெளிக்குக் கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழி. கிழக்கில் இன்னொரு வசதி, சமையற்காரரிடம் தமிழிலேயே பேசலாம். உணவு விடயத்தில் இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை.

பெரிய ஹோட்டலா, சமையலறை உள்ள வீடா?

இரண்டிலும் தங்கியிருக்கிறோம். பெரிய ஹோட்டல்களில் வெளிநாட்டவர் வந்து போவதால் “குளுட்டன்” என்ற சொல் பலருக்குத் தெரியும். தலைமைச் சமையற்காரர் வந்து பேசுவார். ஆனால் பிள்ளைகளுக்கென்று அங்கே வைத்திருக்கும் உணவுகள் பெரும்பாலும் பாஸ்தா, பேர்கர், மா பூசிப் பொரித்த கோழி என்று எல்லாம் கோதுமையாகவே இருக்கின்றன.

சிறிய விடுதிகளில் அந்தச் சொல் தெரியாது. ஆனால் அங்கே சமைப்பது சோறு, மீன் குழம்பு, பருப்பு, கீரை. சமைக்கும் அக்கா உங்கள் கண் முன்னே நிற்பார். சட்டிக்குள் என்ன போகிறது என்று பார்க்கலாம். என் தெரிவு, குடும்பமாக இரண்டு அறை எடுத்து, ஓர் அடுப்பும் பாவிக்கத் தருகிற விடுதி. காலை உணவை நாமே செய்துகொள்ளலாம். மதியமும் இரவும் அவர்களிடம் சொல்லிச் சமைப்பிக்கலாம். காலை உணவில்தான் ஆபத்து அதிகம். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள். “குளுட்டன் இல்லாத உணவு தருவீர்களா?” என்று கேட்டால் “தருவோம்” என்றுதான் பதில் வரும். “காலையில் என்ன செய்வீர்கள், இடியப்பத்துக்கு என்ன மா குழைப்பீர்கள்?” என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே அவர்கள் சமையலறையை நீங்கள் அறிந்துகொள்வீர்கள்.

இடியப்பம், பிட்டு, அப்பம், தோசை எல்லாம் அரிசிதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இந்தப் பதிலை மறக்காதீர்கள்.

கடைகளில் விற்கும் வெள்ளை இடியப்பம் பெரும்பாலும் அவித்த கோதுமை மாவில் பிழிவது. சிவப்பு இடியப்பம் அரிசி மா என்றாலும், உடையாமல் இருக்கக் கோதுமை மா கலப்பவர்கள் உண்டு. பிட்டுக்கும் இரண்டு மாவையும் கலந்து குழைப்பது வழக்கம். அப்ப மாவில் கோதுமை மாவோ ஊறிய பாண் துண்டோ சேர்ப்பார்கள். இலங்கைத் தோசையில், குறிப்பாக யாழ்ப்பாண முறையில், உளுந்துடன் கோதுமை மா சேர்வது சாதாரணம். குரக்கன் தானியத்தில் குளுட்டன் இல்லை. ஆனால் கடைக் குரக்கன் ரொட்டியில் பாதி கோதுமை மாவாக இருக்கலாம். பாஸ்தா என்றால் நாமே விலக்கிவிடுவோம். இடியப்பத்தை நம் சாப்பாடு என்று நம்பித் தட்டில் வைத்துவிடுகிறோம்.

எங்கள் முதல் பயணத்தில் நடந்தது இது. கிழக்கில் ஒரு விடுதி. சிவப்பரிசி இடியப்பம் என்றார்கள், நிறமும் அப்படியே இருந்தது. மகள் ஆசையாக ஆறு இடியப்பம் சாப்பிட்டாள். இரவு இரண்டு மணிக்கு வாந்தி. விடியும் வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காலையில் சமையற்காரரிடம் போய்க் கேட்டேன். “ஒட்டுவதற்கு ஒரு பிடி கோதுமை மா போட்டேன் தங்கச்சி, அதை யார் கணக்கில் எடுப்பார்கள்?” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நான் “அரிசி மாவா?” என்று கேட்டேன், “ஆம்” என்றார். “வேறு ஏதாவது மா ஒரு பிடியாவது சேருமா?” என்று நான் கேட்டிருக்க வேண்டும். அன்று முதல் அப்படித்தான் கேட்கிறேன்.

கேட்கும்போது ஒரே பெயரைச் சொல்லாதீர்கள். சிலருக்கு அது கோதுமை மா, சிலருக்குப் பாண் மா, வயதானவர்களுக்கு அமெரிக்கன் மா. மூன்றையும் சொல்லுங்கள். ஆட்டா மா, ரவை, சேமியா மூன்றும் கோதுமைதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவற்றை வேறு பொருள் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

மாவை அவித்தால் அல்லது வறுத்தால் குளுட்டன் போய்விடும் என்கிறார்களே?

போகாது. மா உதிரியாக ஆவதால் “பசை போய்விட்டது” என்று தோன்றுகிறது. புரதம் அங்கேயே இருக்கிறது. பிள்ளையின் குடலுக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

சோறும் கறியும் கேட்டால் பயமில்லாமல் சாப்பிடலாமா?

இருப்பதில் நம்பகமானது அதுதான். வெள்ளைச் சோறு, சிவப்பரிசிச் சோறு, பருப்பு, தேங்காய்ப்பால் சொதி, மீன் குழம்பு, நண்டுக் குழம்பு, கீரை, தேங்காய்ச் சம்பல். நம் நாட்டுக் கறிகள் தேங்காய்ப்பாலில் கெட்டியாகின்றன, மாவில் இல்லை. அது நமக்குக் கிடைத்த பெரும் வரம். கிழக்கில் பாரை மீன் குழம்பும் கணவாய்க் கறியும் கிடைத்துவிட்டால் எங்கள் வீட்டில் எவருக்கும் வேறு எதுவும் தேவையில்லை.

இருந்தாலும் நான்கு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று பெருங்காயம். கட்டியாகவோ தூளாகவோ கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா சேர்ப்பது உண்டு. சாம்பாரும் ரசமும் இதனால் ஐயத்துக்குரியவை. இரண்டாவது சோயா சோஸ். அது சோயாவும் கோதுமையும் புளிக்கவைத்துச் செய்வது, ஆகவே ஃபிரைட் ரைஸ், டெவல் செய்த கோழி, டெவல் செய்த இறால் எல்லாம் விலக்கு. மூன்றாவது சோயா மீட். பொதியில் உள்ளதை வாசிக்காமல் கொடுக்காதீர்கள். நான்காவது பொரித்த மீன். வெறும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பூசிப் பொரித்தார்களா, மாவில் புரட்டினார்களா என்று கேட்க வேண்டும். பட்டர் கணவாய் என்று தருவது மாவில் தோய்த்துப் பொரித்தது.

எண்ணெயைப் பற்றி ஏன் இவ்வளவு கேட்கிறீர்கள்?

ஏனென்றால் மீன் சுத்தமாக இருந்தும் எண்ணெய் சுத்தமாக இருப்பதில்லை. அதே தாச்சியில் காலையில் ரோல்ஸ் பொரித்திருப்பார்கள், கட்லட் பொரித்திருப்பார்கள். பப்படமும் மரவள்ளிப் பொரியலும் அதில் விழுந்தால் ரோல்ஸின் தூள் அவற்றில் ஒட்டும். பொரியலை முழுவதும் விட்டுவிட்டுக் குழம்பு மீன் கேட்பது எளிது. பொரித்த மீன்தான் வேண்டும் என்று பிள்ளை அழுதால், சிறிய சட்டியில் புது எண்ணெய் ஊற்றித் தரச் சொல்லி அதற்கான பணத்தைக் கொடுங்கள். கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

சுட்ட மீனுக்கும் இதே கதை. சுடும் கம்பியில் பாணும் சுடுவார்கள். அலுமினியத் தாளில் சுற்றிச் சுடச் சொல்லுங்கள். சோயா சோஸ் தடவாமல் உப்பு, மிளகு, தேசிக்காய் மட்டும்.

பஃபே வைத்திருக்கும் இடத்தில் என்ன செய்வது?

திறந்தவுடன் முதல் ஆளாகப் போங்கள். அரை மணி நேரம் கழித்தால் நூடில்ஸ் கரண்டி சோற்றுக்குள் இருக்கும். இயன்றால் மேசையிலிருந்து எடுக்காமல், சமையலறையிலிருந்தே ஒரு தட்டு தனியாகத் தரச் சொல்லுங்கள். இனிப்பில் வட்டிலப்பம், தயிரும் பாணியும், பழங்கள் போதும். ஐஸ்கிரீமைக் கிண்ணத்தில் வாங்குங்கள், கோன் கோதுமை. காலையில் பிள்ளைக்கென்று அன்பாகக் கலந்துவரும் நெஸ்டமோல்ட், ஹோர்லிக்ஸ், மைலோவில் பார்லி மோல்ட் இருக்கிறது. வெறும் பால் அல்லது தேநீர் போதும்.

வழியில் என்ன வாங்கிக் கொடுப்பது?

அவித்த சோளம், வாழைப்பழம், இளநீர், செவ்விளநீர், சட்டித் தயிர். அவித்த கடலை நல்லது. வடை பொரித்த தாச்சியில் தாளிக்காததாக இருந்தால். கடற்கரை வண்டிகளில் விற்கும் இறால் வடைக்குப் பிள்ளைகள் உயிரை விடுவார்கள். அந்த மாவில் கோதுமை மா சேர்வது வழக்கம் என்பதால் நாங்கள் வாங்குவதில்லை. அதற்குப் பதிலாக விடுதி அடுப்பில் பருப்பு அரைத்து, இறால் வைத்து, நானே ஒரு நாள் செய்து கொடுப்பேன். அந்த ஒரு மணி நேர வேலைக்கு நான் எப்போதும் சலித்துக்கொண்டதில்லை.

புறப்படும் நாளின் மதியத்துக்குச் சோற்றை வாழை இலையில் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் நிற்கும் கடைகளில் அவசரத்தில் எவரும் எதையும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள்.

வீட்டிலிருந்து எதையெல்லாம் எடுத்துப்போக வேண்டும்?

வறுத்த சிவப்பரிசி மா இரண்டு கிலோ, நம்முடைய இடியப்ப உரல், பத்துத் தட்டு, ஓர் அரிதட்டு, ஒரு சிறிய பொரிக்கும் சட்டி, ஒரு மரக்கரண்டி. உரலையும் தட்டையும் ஏன் சுமக்க வேண்டும் என்று என் கணவர் முதலில் கேட்டார். விடுதியின் தட்டுகளில் பின்னலுக்கு இடையே பழைய மா காய்ந்து இருந்ததைக் காட்டியபின் அவரே அந்தப் பையைத் தூக்குகிறார். அரிதட்டும் அப்படியே: கோதுமை மா சலித்த கண்களில் தூள் எப்போதும் தங்கும். அரிசியை மில்லில் அரைப்பவர்கள், சத்துமாவுக்காகக் கோதுமையும் அதே இயந்திரத்தில் அரைக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

சிங்களத்தில் எப்படிச் சொல்வது?

தெற்குக் கரைக்குப் போகிறவர்களுக்கு இது அவசியம். “அபே லமயாட்ட பான் பிட்டி கன்ன பே” என்றால் எங்கள் பிள்ளை கோதுமை மா சாப்பிடக்கூடாது என்று பொருள். “மேக்கே பான் பிட்டி தியெனவாத?” என்றால் இதில் கோதுமை மா இருக்கிறதா என்பது. அரிசி மா என்பதற்கு “ஹால் பிட்டி”. பிள்ளைக்கு நோய் என்பதையும் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்று நினைத்தால் கொஞ்சம் கலந்துவிடுவார்கள், நோய் என்றால் கவனிப்பார்கள்.

உறவினர் வீட்டு விருந்து, கோயில் பிரசாதம் என்றால்?

விருந்துக்கு இரண்டு நாள் முன்பே பேசிவிடுங்கள். தட்டில் போட்ட பின் மறுத்தால் அத்தை மனம் நோகும். முன்பே சொன்னால் அதே அத்தை தனிச்சட்டி வைப்பார். பிரசாதத்தில் பொங்கல், புக்கை, அவல், பஞ்சாமிர்தம் பெரும்பாலும் அரிசியும் பழமும்தான். ரவைக் கேசரியும் சேமியாப் பாயசமும் கூடாது. திருநீறு போதும் என்று எங்கள் மகள் தானே சொல்லிப் பழகிவிட்டாள். கத்தோலிக்கக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது நற்கருணை அப்பம்: அது கோதுமை. குளுட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்கும், திராட்சை இரசம் மட்டும் பெறுவதற்கும் திருச்சபை அனுமதி உண்டு. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால்?

மாற்று மருந்து இல்லை. வாந்தி, வயிற்றோட்டம் என்றால் ஜீவனி (இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள், கஞ்சி கொடுங்கள், ஓய்வு கொடுங்கள். வாந்தி நிற்காவிட்டால், பிள்ளை சோர்ந்து மயங்கினால், சிறுநீர் போகாவிட்டால் உடனே வைத்தியசாலை.

சீலியாக் வேறு, கோதுமை ஒவ்வாமை வேறு. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

பரிசோதனை இன்னும் செய்யவில்லை. பயணத்துக்கு முன் கோதுமையை நிறுத்திப் பார்க்கலாமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இரத்தப் பரிசோதனை உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. கோதுமையை விட்டுவிட்டால் அது குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். முதலில் வைத்தியர், பிறகு உணவு மாற்றம். ஒரு பிள்ளைக்கு உறுதியானால் உடன்பிறந்தவர்களையும் பெற்றோரையும் பரிசோதிக்கச் சொல்வார்கள், செய்துவிடுங்கள்.

மற்றவர்கள் கொத்து ரொட்டி சாப்பிடலாமா, எல்லோரும் விட்டுவிட வேண்டுமா?

இதில் என் நிலைப்பாடு உறுதியானது. மேசையில் எல்லோரும் ஒரே சாப்பாடு. மூன்று நாள் விடுமுறையில் ஒருவருக்கும் கொத்து ரொட்டி இல்லாமல் போனால் நட்டமில்லை. தனிப் பெட்டியைத் திறந்து தனியாகச் சாப்பிடும் பிள்ளையின் முகத்தை நான் ஒரு முறை பார்த்துவிட்டேன், இரண்டாம் முறை பார்க்க விரும்பவில்லை. மகனுக்கு மிகவும் ஆசை என்றால் அவனை அப்பா தனியாகக் கடைக்குக் கூட்டிப்போவார், கை கழுவிவிட்டு வருவார்கள். எங்கள் மகளுக்கு அது தெரியும்; மறைப்பதில்லை.

திரும்பும்போது கரையிலிருந்து எதை வாங்கி வரலாம்?

ஒடியல் மா. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்தது, கோதுமைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மலைநாட்டில் தேடினாலும் எளிதில் கிடைப்பதில்லை. கூடவே நெத்தலிக் கருவாடும் காய்ந்த இறாலும் வாங்குவோம். வீட்டில் மழை விடாமல் கொட்டும் ஒரு மாலையில் மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை, கருவாடு எல்லாம் போட்டுப் புளி கரைத்து, மிளகாய் தூக்கலாகக் கூழ் காய்ச்சுவேன். பெரிய சட்டி. ஐந்து பேருக்கும் ஒரே கரண்டிதான்.